பெயர் நெய்த பாய்

எங்கள் இருபதாவது கல்யாண நாள் அன்று காலையில் மகள் ஒரு டப்பாவை நீட்டினாள். உள்ளே ஒரு டஜன் சாக்லெட், எல்லாம் இதய வடிவத்தில். வீட்டிலேயே உருக்கி, அச்சில் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்து எடுத்தது. கூடவே கலர் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டிய ஒரு வாழ்த்து அட்டை. குவில்லிங் என்று பெயராம். ஒரு வாரமாக ராத்திரி பதினோரு மணி வரை அவள் ரூமில் லைட் எரிந்ததற்குக் காரணம் கணக்குப் பாடம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது :-)

"உங்க காலத்துல என்னப்பா கொடுத்துக்குவீங்க?" என்றாள்.

உங்க காலமாம்! 2005 என்ன பல்லவர் காலமா? நான் பதில் யோசிப்பதற்குள் தங்கமணி முந்திக்கொண்டாள். "உங்கப்பா வேற யாரோட பேரையோ பாயில போட்டு எனக்குக் கொடுத்தாரு. அதைக் கேளு மொதல்ல."

வேறு வழியில்லாமல் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய வேட்டியில் சுற்றி, நடுவில் காய்ந்த வேப்பிலையோடு இருந்தது. பத்தமடைப் பாய். விரித்துக் காட்டினேன். மகள் தடவிப் பார்த்துவிட்டு, "இது பாயா, துணியாப்பா?" என்று கேட்டாள். மடித்தால் சேலை மாதிரி மடியும். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கரை. நடுவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் கல்யாணத் தேதியும். தங்கமணி பெயரில் வரும் வல்லின 'ற' மட்டும் பாயில் இடையின 'ர' ஆகிவிட்டது. நெய்தவர்கள் மேல் தப்பில்லை. ஆர்டர் சீட்டை எழுதியது நான்தான். பி.காம் படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் மாறாது. 'ர'வும் 'ற'வும் மாறும்.

அன்றைக்கு மகளிடம் சொன்ன கதையையும், அப்புறம் உட்கார்ந்து யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த வாழ்த்து அட்டை. காதலுக்குக் கையால் செய்து கொடுப்பது ஏதோ புதுப் பழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேல்ஸ் நாட்டில் பையன்கள் தாங்கள் விரும்பும் பெண்ணுக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்று தேதி செதுக்கிய கரண்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் 1847-ல் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, லேஸ் வைத்த வாலண்டைன் அட்டைகளை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார். மாதிரி அட்டைகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக விற்பனைக்குப் போன சகோதரர், இருநூறு டாலருக்கு ஆர்டர் வந்தால் பெரிது என்று எதிர்பார்த்த இடத்தில், ஐயாயிரம் டாலருக்கு ஆர்டரோடு திரும்பினாராம். அப்புறம் என்ன, தோழிகளை வரிசையாக உட்கார வைத்து, ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்ட, ஒருத்தி லேஸ் வைக்க என்று ஆகிவிட்டது. ஃபோர்டு கார் கம்பெனிக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே காதல் அட்டைக்கு அசெம்ப்ளி லைன்! 1881 வாக்கில் அந்தத் தொழிலை இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. நம் பொண்ணு உருக்கிய சாக்லெட்டுக்கும் பூர்வீகம் அங்கேதான். 1860-களில் இங்கிலாந்தில் கேட்பரி கம்பெனியின் ரிச்சர்ட் கேட்பரி இதய வடிவப் பெட்டியில் சாக்லெட் அடைத்து விற்றார்.

ஆக, காதலனே செதுக்கிய கரண்டி ஒரு வகை. யாரோ ஒரு பெண் கூலிக்குச் செய்து, நாம் காசு கொடுத்து வாங்கி, "இது உனக்காக" என்று நீட்டுவது இன்னொரு வகை. நான் கொடுத்த பாய் இரண்டாவது வகை.

நம் ஊரில் காதல் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கல்யாணம் என்று சொல்லிவிட்டால் ஊரே சேர்ந்து கையால் செய்யும். எங்கள் பக்கம் (அம்பாசமுத்திரம் தாலுகா) கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே பலகாரம் சுட ஆரம்பித்துவிடுவார்கள். பெரியம்மா, சித்தி, அத்தை என்று எல்லோரும் பின்கட்டில் கூடிவிடுவார்கள். முந்திரிக்கொத்து, அதிரசம், கைச்சுற்று முறுக்கு. முறுக்கை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவதற்கென்று கை பழகிய ஒரு ஆச்சி எல்லாத் தெருவிலும் இருப்பார். அவர் வராமல் மாவு பிசைய மாட்டார்கள். ஐயர் வீடுகளில் சீர் முறுக்குக்கு ஏழு சுற்று, ஒன்பது சுற்று, பதினொரு சுற்று என்று கணக்கு உண்டு. இங்கே லிங்கராஜபுரத்தில் டிசம்பர் பிறந்தால் அதே மாதிரி ஒரு எண்ணெய் வாசனை தெருவில் வரும். எதிர்வீட்டு ஆன்ட்டி கல்கல் உருட்டி, ரோஸ் குக்கீஸ் சுடுகிறார் என்று அர்த்தம். அந்த ரோஸ் குக்கீஸ் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் அச்சு முறுக்கேதான். கொஞ்சம் இங்கிலீஷ் பேசும், அவ்வளவே.

செட்டிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே. பலகாரமும் வெற்றிலையும் வைத்துக் கொடுக்கும் கூடையையே ஆச்சிமார் பனை ஓலையில் முடைந்தார்கள். கொட்டான் என்பார்கள். அதற்குக் குரோஷா வேலை, மணி வேலை எல்லாம் உண்டு. வீட்டுப் பெண்கள் செய்ததால் அதற்குக் கூலி என்று ஒன்று இருந்ததில்லை. பிளாஸ்டிக் கூடை வந்ததும் முடைவதை விட்டுவிட்டார்கள். 2000-க்குப் பிறகு விசாலாட்சி ராமசாமி அவர்கள் தங்கள் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து அதை மறுபடி உயிர்ப்பித்தார். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பத்தமடைக் கதை வேறு. அங்கே பாய் நெய்வது ஆரம்பத்திலிருந்தே பிழைப்பு.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் பத்தமடை. ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் என்று ஒரு பெருமை. இன்னொரு பெருமை பாய். நெய்கிறவர்கள் லெப்பை முஸ்லிம்கள். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது "நெய்றவரும் பாய், நெய்றதும் பாய்" என்று ஜோக் அடிப்போம். பெரியவன் ஆன பிறகுதான் தெரிந்தது, தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்.

தாமிரபரணிக் கரையில் கோரைப்புல் விளையும். அதைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, நீளவாக்கில் கிழித்தால் சாதாரணப் பாய்க்கு ஆகிவிடும். நேர்த்தியான பாய்க்கு அது போதாது. காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாக ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட வேண்டும். கோரை ஊறிப் பருக்கும். அதை எடுத்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டிவிட்டு, மேல்தோலை நூல் மாதிரி சன்னமாகக் கிழிக்கலாம். ஹசன் பாவா லெப்பை என்பவர் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வித்தையைக் கண்டுபிடித்தார் என்பது ஊரில் சொல்லும் கதை.

பிறகு சாயம். பழைய காலத்தில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைச் சீவி வேகவைத்துக் கோரையை முக்குவார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். தறி தரையோடு தரையாகக் கிடக்கும். பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, அதன் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, நீளமான குச்சியில் கோரையைக் கோத்து ஒவ்வொன்றாகக் குறுக்கே இழுத்து, அச்சால் தட்ட வேண்டும். மறுபடி ஒரு கோரை, மறுபடி ஒரு தட்டு. பாவு நெருக்கத்தைக் கவுண்ட் கணக்கில் சொல்வார்கள். சாதாரணப் பாய்க்கு 50 பக்கம். பட்டுப்பாய் என்று சொல்கிற நேர்த்தியான ரகம் 100-ஐத் தாண்டி 140 வரை போகும். அப்படி ஒன்றை முடிக்க மாதக் கணக்கில் ஆகும். 1953-ல் இரண்டாம் எலிசபெத் மகாராணி முடிசூட்டிக்கொண்டபோது பத்தமடைப் பாய் ஒன்று பரிசாக லண்டன் போனதை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் விடாமல் சொல்வார்கள்.

இந்தப் பாயில்தான் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் உட்கார்ந்து 'முருகன் துணை' என்று நெய்து கொடுத்த பாயைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எழுத்து வரும் இடத்தில் இத்தனை நூலைத் தூக்க வேண்டும், இத்தனை நூலை விட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே சாயக் கோரையை நுழைக்க வேண்டும். தமிழ் எழுத்து எல்லாம் வளைசல். பாயில் வளைவு வராது, படிக்கட்டு மாதிரித்தான் வரும். ஒரு எண்ணிக்கை தப்பினால் எழுத்து கோணிவிடும், பிரித்துவிட்டு மறுபடி. எங்கள் பாயில் அந்தத் தப்பான 'ர' எவ்வளவு நேராக, அழகாக நிற்கிறது தெரியுமா? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் வெட்கம்.

2005-ல் நானே போய் ஆர்டர் கொடுத்தேன். அப்போது எனக்கு வேலை கிடைத்து மூன்று வருஷம், பேரம் பேசுவதைப் பெரிய திறமை என்று நினைத்த வயசு. விலை சொன்ன அம்மாவிடம் இருநூறு ரூபாய் குறைத்தேன். ஆனால் முன்பணம் முழுசாகக் கேட்டார். பாதி தருகிறேன், பாய் வாங்கும்போது மீதி என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. என்னடா இது, சரக்கு கைக்கு வருவதற்கு முன்னால் முழுப் பணமா என்று எனக்கு எரிச்சல். அவர் பேசாமல் உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்து விரித்தார். நல்ல பாய். இரண்டு பெயர், ஒரு தேதி. தேதி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கல்யாணம் நின்னு போச்சு தம்பி. அவுக வரவே இல்ல. பேரு போட்ட பாயை வேற யாரு வாங்குவா?"

முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருநூறு ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

அந்த விரித்த பாய் இத்தனை வருஷமாக என் தலையில் இருக்கிறது. காரணம் என் வேலை. நான் நகைக்கடன் பார்த்த ஆள். கல்யாணத்துக்குப் போட்ட நகைகள் கவுண்டருக்கு வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கொரோனா வருஷத்தில் வரிசை வாசல் வரை நின்றது. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துக்கொண்டிருந்த கடனை 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2021 மார்ச் வரைக்கும் தளர்த்தியது. ஒரு பெண் கழற்றி வைத்த ஆரத்தின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து இனிஷியல் பொறித்திருந்தது. தராசுக்கு அந்த எழுத்து தெரியாது. மதிப்பீட்டாளர் கல்லைக் கழித்தார், அரக்கைக் கழித்தார், இனிஷியலுக்கு எதுவும் கூட்டவில்லை. எங்கள் வீட்டு நகையும் இதற்கு விலக்கு இல்லை. லிங்கராஜபுரத்தில் இந்த வீட்டை வாங்கும்போது தங்கமணியின் நகை மொத்தமும் மூன்று வருஷம் லாக்கர் மாறி இருந்தது. அதில் இரண்டு வளையல் திரும்பி வரவே இல்லை, வித்துவிட்டோம்.

பாயை மட்டும் யாரிடமும் அடகு வைக்க முடியாது. பெயர் நெய்த நிமிஷத்திலிருந்து அதன் மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி ஒரு சொத்தை எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வைக்க முடியாது. எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது வேண்டாம். அதனால்தான் கல்யாணத்துக்கு வந்த சாமான்களில் அது ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. மிக்ஸி போச்சு, வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு தடவை அடகுக்குப் போய் வந்தது, ரிஸ்ட் வாட்சைக் காணோம். பாய் இருக்கிறது, தப்பான 'ர'வோடு.

ஆனால் அந்தப் பூஜ்யத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்யாணம் நின்றால் நஷ்டம் யாருக்கு? பாய் நெய்தவருக்கு. நகைக்கடையில் ஆர்டர் ரத்தானால் உருக்கிக்கொள்ளலாம். கோரையை உருக்க முடியாது.

போன வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் இங்கே பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளை ஹைதராபாத். இங்கே பாய்க்கு எங்கே போவது? 1809-ல் வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் போட்ட நாளிலிருந்து தமிழர்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாரியம்மனும் வந்தாள், மாதாவும் வந்தாள், தெருவோரப் பணியாரமும் வந்தது. கோரைப்பாய் மட்டும் வரவில்லை. தள்ளுவண்டியில் வருவது பிளாஸ்டிக் பாய், அதிலும் மயில் படம் போட்டது. சரி, ஊருக்கும் போன மாதிரி இருக்கும் என்று நாகர்கோவில் வண்டி ஏறினோம். இப்போது அது பையப்பனஹள்ளி புது டெர்மினலிலிருந்தே கிளம்புவதால் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்தான்.

இருபது வருஷம் முன்னால் பார்த்த அந்த அம்மா இல்லை. தெருவில் தறிச் சத்தமும் முன்னை மாதிரி இல்லை. கோரை தாமிரபரணிக் கரையில் குறைந்துபோய், கரூர்ப் பக்கத்திலிருந்து விலைக்கு வாங்குகிறார்கள். இயந்திரத் தறியில் ஓடுகிற பாய் நாளுக்குப் பல வருகிறது, அதையும் பத்தமடைப் பாய் என்றுதான் விற்கிறார்கள். 2012-13-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அந்தச் சர்டிபிகேட்டு இருக்கு சார், எங்க புள்ளைக தறியில உக்கார மாட்டேங்குது" என்றார் நாங்கள் போன வீட்டு அக்கா.

ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேலை தோஷம், விடாது. நாங்கள் கேட்ட பாய்க்கு அவர் சொன்ன விலை 9,500 ரூபாய். கோரை, நூல், சாயம் என்று ஒரு 2,000 கழித்தால் 7,500. இரண்டு பேர் சேர்ந்து இருபது நாள். ஆக நாற்பது ஆள் நாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 190 ரூபாய்கூட வரவில்லை. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 319 ரூபாய். குளத்தில் மண் அள்ளும் கூலிக்கும் கீழே ராணி வீட்டுப் பாய்! இதில் கோரை கிழிக்கிற நாளையும், ஊறப்போட்டுக் காயவைக்கிற நாளையும் நான் சேர்க்கவே இல்லை.

கடன் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்களில் கூடை, பாய் முடைவதும் ஒன்று. இரண்டு தவணையாக 3 லட்சம் வரை, 5 சதவீத வட்டியில். அது குலத்தொழிலுக்குள் பிள்ளைகளை அடைக்கிறது என்று தமிழக அரசு ஏற்கவில்லை. 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு பக்க வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கடன் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன், நாள் கூலி 190 வருகிற தொழிலுக்கு எத்தனை சதவீதத்தில் கடன் கொடுத்தாலும் தவணை கட்ட முடியாது. விலை ஏற வேண்டும். விலை ஏற வேண்டுமென்றால் என்னை மாதிரி ஆட்கள் இருநூறு ரூபாய் குறைப்பதை நிறுத்த வேண்டும்.

9,500 என்றதும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். "எங்க ஊரு பக்கந்தான் நாங்களும், பார்த்துப் போட்டுச் சொல்லுங்க." நான் அவளைத் திண்ணைக்கு அழைத்துப்போய் நாற்பது ஆள் நாள் கணக்கைச் சொன்னேன். மண்டபத்து வாசலில் ஒரு நாள் நிற்கிற பூ அலங்காரத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் அதற்கப்புறம் பேரம் பேசவில்லை. 12,000 கொடுத்தோம். முழுசாக, முன்பணமாக. கூடுதல் தொகை எதற்கு என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். பழைய பாக்கி இருநூறு, அதற்கு இருபது வருஷ வட்டி என்றேன். அவருக்குப் புரியவில்லை. தங்கமணிக்குப் புரிந்தது. எந்த வட்டி விகிதத்தில் 200 ரூபாய் 2,500 ஆகும் என்று பஸ்ஸில் வரும்போது என்னைக் கேட்டாள். வருஷத்துக்குப் பதிமூன்றரை சதவீதம் மாதிரி, கூட்டு வட்டி. கந்துவட்டி இல்லை, பர்சனல் லோன் ரேட்தான்.

ஆர்டர் சீட்டு எழுதுவதற்குப் பேனாவை எடுத்தேன். தங்கமணி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனிக் கட்டத்தில் எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.